சீனம் பேசும் வீட்டுப் பிள்ளை

8 ஜனவரி 1973, திங்கள். வுப்பர்டால், மேற்கு ஜெர்மனி

இன்று மத்தியானம் மூன்று மணிக்கு நான் சீனாக்காரி ஆனேன்.

பேராசிரியர் க்ளாசன் கூப்பிட்டு அனுப்பினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, கையெல்லாம் சாயக் கறையோடு ஓடினேன். போன வாரம் என் நீலம் ஏனோ பச்சையாகிவிட்டது. ஆனால் மனிதர் சிரித்தார். காபி வேறு கொடுத்தார். மேஜைமேல் தாம்புக் கயிறு போட்டுக் கட்டிய பெரிய கட்டு. சாயத் தொழில் பற்றிய சீன ஆய்விதழ்களாம். இங்கே பான் நகரத்து அரசாங்கம் பீக்கிங்கோடு கைகுலுக்கி மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் முப்பது கிலோ சீனம் வந்து இறங்கிவிட்டது.

"இதைப் படிக்க வெளியாள் எதற்கு? நம் ஃப்ராய்லைன் வைதேகி இருக்கிறாரே! பேச்சு வீட்டிலேயே வந்திருக்கும். எழுத்துத்தான் கொஞ்சம் துருப்பிடித்திருக்கும், இல்லையா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'ஐயா, நான் திருச்சி உறையூர்க்காரி. எனக்குத் தெரிந்த ஒரே சீனம் சீனச்சட்டி' என்று. என்ன சொன்னேன்? "யா" என்றேன்.

ஏன் சொன்னேன்? என் உதவித்தொகை ஜூன் முப்பதோடு முடிகிறது. ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு வருடம் வேண்டும். அவரிடம் இரண்டு வருடத்துக்கு ஓர் உதவியாளர் பதவி இருக்கிறது. சீனம் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும். டுசல்டோர்ஃபில் ஒரு மொழிப்பள்ளி பன்னிரண்டு வார வகுப்பு நடத்துகிறது. அங்கே சான்றிதழ் வாங்கி மே பதினைந்துக்குள் கொடுத்தால் பதவி எனக்கு. கொடுக்காவிட்டால் ஜூலையில் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை யோசிக்க எனக்குக் கால் நொடி ஆயிற்று. அந்தக் கால் நொடியில் வாய் முந்திக்கொண்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. என் மூஞ்சியைப் பார்த்து யார்தான் உறையூர் என்பார்கள்? மலேயாவில், ஈப்போவில் தகரச் சுரங்கத்துச் சீனக் கூலி ஒருவர், ஏழாவதும் பெண் ஆகிவிட்டதால், அங்கிருந்த தமிழ் ரயில்வே கிளார்க் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஏழாவது நான். கிளார்க் அப்பா. அவர் மனைவி நாகலட்சுமி, என் அம்மா. நாலு வயதில் கப்பலேறி வந்தது. அதற்குப் பிறகு தமிழ்தான், தமிழைத் தவிர வேறில்லை. வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது? கண்ணாடி இருக்கிறதே.

9 ஜனவரி

வகுப்பின் பெயர்: 'சீனம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கான துரித இடைநிலை வகுப்பு'. அ, ஆ தெரியாதவளுக்கு இடைநிலை. அதுவும் துரிதம்.

15 ஜனவரி, திங்கள்

முதல் வகுப்பு. வாரத்தில் மூன்று மாலை, சனிக்கிழமை காலை. வுப்பர்டாலிலிருந்து ரயிலில் அரை மணி.

பன்னிரண்டு பேர். பள்ளி நிர்வாகி வாசலில் நின்று எங்களை விரல்விட்டு எண்ணினார், பிக்னிக் கூட்டிப் போகிறவர் மாதிரி. ஆசிரியை ஃப்ராவ் தாங், அதாவது திருமதி தாங். ஐம்பது வயதிருக்கும், ஒட்ட வெட்டிய முடி, கையில் சிகரெட். தியென்ட்சினில் பிறந்து, தைப்பே போய், யாரோ ஒரு ஜெர்மன் பொறியாளரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, அவரையும் அனுப்பிவைத்துவிட்டாராம். மேலேயா வெளியேயா என்று தெரியவில்லை.

எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் தங்களைப் பற்றிப் பேச வேண்டும். என் பக்கத்தில் ஹான்ஸ் வோங். இங்கேயே பிறந்தவன், இருபத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் ஹாங்காங்கிலிருந்து வந்து உணவகம் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் பேசினால் டுசல்டோர்ஃப் டிராம் கண்டக்டர். சீனம் பேசினால், அடுப்பங்கரையில் அம்மாவிடம் திட்டு வாங்கக் கற்றுக்கொண்டது மட்டும்தான். அவன் பேசப் பேச ஃப்ராவ் தாங் கண்ணை மூடிக்கொண்டார். பல் வலிக்கிற முகம்.

என் முறை வந்தது. எழுந்தேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, பரிதாபமாகத் தலையை ஆட்டினேன். தொண்டை கட்டிவிட்டதாம்!

"பாவம். உட்கார்" என்றார்.

பேச்சு வகுப்பில் ஊமையாகச் சேர்ந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

17 ஜனவரி, புதன்

தொண்டை இன்னும் சரியாகவில்லை. கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு போனேன். ஹான்ஸ் இருமல் மிட்டாய் கொடுத்தான். நல்ல பையன். அதனால் இன்னும் கூசியது.

இடைவேளையில் தாழ்வாரத்தில் நிற்கிறேன். அடுத்த அறையில் ஆரம்ப வகுப்பு, ஜெர்மன்காரர்களுக்கு. அதிலிருந்து ஒருவர் கோபமாக வெளியே வந்தார். நல்ல கறுப்பு, நெற்றியில் திருநீற்றுக் கீற்று. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கடகடவென்று சீனத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். அருவி மாதிரி. கைகூட ஆடுகிறது.

நான் சொன்னேன்: "மன்னிச்சுக்குங்க. நீங்க சொல்றது ஒண்ணும் புரியல."

தமிழில்.

மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ லா! நீங்க தமிழா?"

பெயர் ரகுநாதன். பினாங்கு. டோர்ட்மண்டில் இயந்திரப் பொறியியல் படிக்கிறார். சந்தைக்குப் பக்கத்தில் வீடு. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளோடு புரண்டு பேசிய பேச்சு. இந்த வகுப்பில்தான் சேர வந்திருக்கிறார். நிர்வாகி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது சீனம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லி ஆரம்ப வகுப்பில் தள்ளிவிட்டார்.

"அங்க 'வணக்கம்' சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காங்கங்க. ஒரு மணி நேரமா! நான் சண்டை போடறதே அந்த பாஷையிலதான்" என்றார்.

சீனம் தெரிந்தவரை வெளியே தள்ளி, தெரியாதவளை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் நிர்வாகத்தில் தவறே வராது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

22 ஜனவரி

ஒப்பந்தம். வகுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம், டுசல்டோர்ஃப் ரயில் நிலைய உணவகத்தில். அவர் எனக்குப் பேச்சு சொல்லித் தருவார். நான் அவருக்கு எழுத்து. அவருக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எனக்கு எழுத்துப் பயமில்லை. பென்சீன் வளையங்களை ஆறு வருடமாக நெட்டுருப் போட்டவள். ஒரு நாளைக்கு முப்பது எழுத்து என்று கணக்கு. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், நீலம் கொதிக்கும்போது. குளியலறைக் கண்ணாடியில் சோப்பால் எழுதிவைத்ததைப் பார்த்து வீட்டுக்காரம்மாள் மாவோ கட்சியா என்று கேட்டாள்.

2 பிப்ரவரி, வெள்ளி

தொண்டைக்கு மூன்று வாரத்துக்கு மேல் வலி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். இன்று வாயைத் திறந்தேன்.

ரகுநாதன் மனப்பாடம் செய்வித்த இரண்டு நிமிடப் பேச்சு. பெயர், வேலை, மழை, உருளைக்கிழங்கு பற்றிய புகார். ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். ஃப்ராவ் தாங்கின் சிகரெட் சாம்பல் பாதி உதிர்ந்து மேஜையில் விழுந்தது. பிறகு இந்தோனேசியாவில் சுரபாயாவிலிருந்து வந்த பல் டாக்டரம்மா ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் ஃப்ராவ் தாங்.

"வீட்டில்" என்றேன். வேறென்ன சொல்வது?

"வீடா மீன் சந்தையா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சீனம் ஒன்றல்லவாம். ஊருக்கு ஒரு சீனம். இங்கே சொல்லித் தருவது வடக்குச் சீனம், ரேடியோச் சீனம். ரகுநாதனுடையது தெற்கே ஃபுக்கியன் கரையிலிருந்து பினாங்கு போய், மீன்காரர்களிடம் வளர்ந்த ஹொக்கியன். உருளைக்கிழங்கைக் குறித்து நான் சொன்ன வார்த்தை குடும்பப் பெண்கள் சொல்வதில்லையாம்.

செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் ஃப்ராவ் தாங் புதிய சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, "ஃபுக்கியன் கடற்கரை. படிக்காத வீடு. பரவாயில்லை, திருத்திவிடலாம்" என்று ஏட்டில் குறித்துக்கொண்டார்.

இதுதான் விஷயம். இந்த வகுப்பில் சரியாகப் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. ஹான்ஸ் ஹாங்காங் பேச்சான காண்டனீஸில் தப்பு, டாக்டரம்மா வேறு ஏதோ ஒன்றில் தப்பு. ஒவ்வொருவருக்கும் வீட்டுத் தப்பு ஒன்று இருக்கிறது. எனக்கு இல்லாத குறை அதுதான். இன்றைக்கு ரகுநாதன் வீட்டுத் தப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். வகுப்பு என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது.

நிலையத்தில் ரகுநாதனிடம் சண்டை போட்டேன். "எல்லாம் ஒரே பாஷைதாங்க, கொஞ்சம் அப்படி இப்படி" என்கிறார். தமிழும் மலையாளமும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் என்றேன்.

14 பிப்ரவரி, புதன்

அம்மாவின் கடிதம். வகுப்பைப் பற்றி ஜனவரியில் சும்மா ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குத்தான் இந்தப் பூசை.

'சீனம் படிக்கிறியாமே. எதுக்கு? யாரைத் தேடப் போற? நானும் அப்பாவும் உனக்கு என்ன குறை வெச்சோம்? சொல்லு, தெரிஞ்சுக்கறேன்.'

மேலே நலம், கீழே நலம், நடுவில் இந்த அம்பு. யாரையும் தேடலம்மா! ஒரு வேலைக்காகப் படிக்கிறேன்! என்று கத்தத் தோன்றியது. வீட்டுக்காரம்மாளிடமா கத்துவது?

கோபம் ஆறியபின் அறுபத்திரண்டு ஞாபகம் வந்தது. சீனாவோடு சண்டை நடந்த சமயம். உறையூரில் சீனாக்காரி ஒருத்தி இருக்கிறாளாம் என்று யாரோ எழுதிப்போட, ஏட்டு விசாரிக்க வந்துவிட்டார். அம்மா பதறவில்லை. "வைதேகி, ஏட்டையாவுக்குக் காபி கொண்டா" என்றாள். நான் டம்ளரோடு வந்து, "சக்கரை தூக்கலா போடவா, மட்டா போடவா ஏட்டையா?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், காபியைக் குடித்தார், நோட்டுப்புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். அவர் தெருமுனை தாண்டும்வரை அம்மா சிரித்த முகமாக வாசலில் நின்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்தியபின் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவள் இந்தக் கடிதத்துக்குக் கோபப்படக் கூடாது.

ஆனாலும் கோபம் வருகிறது.

5 மார்ச், திங்கள்

டுசல்டோர்ஃபில் கார்னிவல், ஊரே வேஷம் போட்டுத் திரியும் திருவிழா. வகுப்பு இல்லை என்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டேன். தெருவெல்லாம் பீர். மஞ்சள் சாயம் பூசி, கண்ணை மையால் இழுத்து, முதுகில் பின்னல் தொங்க ஒரு தடியன் என்முன் குனிந்து வணங்கினான். அவன் கூட்டாளி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இந்திய மகாராஜா. இருவருக்கும் நடுவில் நான் நின்றேன், கம்பளிக் கோட்டில், வேஷமே போடாமல்.

"நீங்கள் என்ன வேஷம்?" என்று மகாராஜா கேட்டான்.

"கெமிஸ்ட்" என்றேன். மிட்டாய் கொடுத்தார்கள்.

16 மார்ச், வெள்ளி

தெரிந்துவிட்டது.

திங்களன்று வீட்டுப்பாடம்: 'அம்மாவுக்கு ஒரு கடிதம்'. பத்து வரி, சீன எழுத்தில். எல்லோரும் எழுதினார்கள். நான் யாருக்கு எழுதுவது? பெற்றவளா? பெயர் தெரியாது, ஊர் தெரியாது, இருக்கிறாளா அதுவும் தெரியாது. அரை மணி நேரம் வெள்ளைத் தாளைப் பார்த்தேன். பிறகு நாகலட்சுமிக்கே எழுதினேன். 'அம்மா, நலம். ரசப்பொடி வந்தது. பாதி வழியில் கொட்டிவிட்டது. மழை. என் மேல் கோபம் வேண்டாம்.' ரசப்பொடிக்குச் சீன எழுத்து அகராதியில் இல்லை. 'புளிப்புச் சூப் தூள்' என்று போட்டேன்.

இன்று வகுப்பு முடிந்ததும் ஃப்ராவ் தாங் என்னை நிற்கச் சொன்னார். தாளை நீட்டினார். "ஃபுக்கியன் கடற்கரையில் புளிப்புச் சூப் தூளைத் தபாலில் அனுப்புவார்களா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல ஜெர்மன் இலக்கணமெல்லாம் உதிர்ந்தது. அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"இரண்டாவது வாரமே தெரியும். 'ஆமாம்' என்று நீ தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதைப் பார். பம்பாய்க் கப்பலில் மூன்று வாரம் வந்தவள் நான்."

"பிறகு ஏன் சும்மா இருந்தீர்கள்?"

"பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். நீ பன்னிரண்டாவது ஆள். நானும் வாடகை கொடுக்க வேண்டாமா?"

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிக்கவில்லை. கடைசித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார், வீட்டைப் பற்றித்தான் முதல் கேள்வி கேட்பார், அங்கே எனக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்றார். "எழுத்தில் இந்த வகுப்பிலேயே நீதான் முதல். அதை மட்டும் சொல்வேன்."

24 மார்ச்

ஆயிரத்து எழுநூற்று நாற்பது எழுத்து. கனவில் அரிசிமூட்டைமேல்கூட எழுதியிருக்கிறது. படித்தேன்: 'அரிசி'.

7 ஏப்ரல், சனி

தேர்வு. எழுத்து காலையில். நன்றாக எழுதினேன், பொய்யடக்கம் எதற்கு.

வாய்மொழி மதியம். வெளித் தேர்வாளர் வயதான ஜெர்மன்காரர். சீனத்தை மீசை அசையாமல் பேசுகிறார். முதல் கேள்வி: "உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டில் யார் சீனம் பேசுவார்கள்?"

ஃபுக்கியன் கதை ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தேன். மீன்பிடி கிராமம், இரண்டு அண்ணன்கள், ஒரு பன்றி. ரகுநாதன் தமிழில் எழுதிக் கொடுத்தது, நன்றாகவே இருந்தது. வாயைத் திறந்தேன். அந்தக் கிராமத்து அம்மாவுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. முடியவில்லை.

பிறகு சொன்னேன், சீனத்தில்தான்: "என் அம்மா பெயர் நாகலட்சுமி. தென்னிந்தியாவில் இருக்கிறார். தமிழ் பேசுவார். எங்கள் வீட்டில் யாரும் சீனம் பேசியதே இல்லை. நான் ஜனவரியில்தான் ஆரம்பித்தேன்."

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு முக்கால் மணி நேரம் என்னை வறுத்தெடுத்தார். சாயம், மழை, ரயில், உருளைக்கிழங்கு. கடைசியில் ஜெர்மனில் சொன்னார்: "நன்றாகத் தேறிவிட்டீர்கள். சான்றிதழ் கொடுக்க முடியாது."

சீனம் பேசும் வீட்டிலிருந்து வந்தவருக்கு மட்டுமே சான்றிதழ் என்று விதியாம். எனக்கு மொழி இருக்கிறது, வீடு இல்லை. அடுத்த அறையில் ரகுநாதனுக்கு மொழி இருக்கிறது, மூஞ்சி இல்லை.

உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்களே. நான் ரயிலில் ஜூலை மூட்டைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

9 ஏப்ரல், திங்கள்

க்ளாசனிடம் சொன்னேன். முதலில் கோபம், பிறகு குழப்பம், பிறகு இதழ்க் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். ஒரு பக்கம் படித்து ஜெர்மனில் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

"உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது. ஆனால் பணம் கொடுப்பது நானல்ல. மேலிடத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். மே பதினைந்து வரை பதவியைப் பிடித்துவைக்கிறேன், அவ்வளவுதான்."

அம்மாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி. 'நம் வீட்டில் யாரும் சீனம் பேசியதில்லை என்று சொன்னேன், அதனால் கிடைக்கவில்லை. ஜூலையில் திருச்சிக்கே வந்துவிடுகிறேன். ஆராய்ச்சி அரைகுறையாகத்தான் நிற்கும், என்ன செய்வது. இப்போது உனக்குச் சந்தோஷம்தானே' என்று. கடைசி வாக்கியம் வேண்டாம்தான். அடித்துத் திருத்தவில்லை.

20 ஏப்ரல், புனித வெள்ளி

கடையெல்லாம் அடைப்பு. புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினேன். ரகுநாதன் வந்து கயிறு கட்டிக் கொடுத்தார். கட்டிக்கொண்டே, "பன்னி இருக்கற கதையே சொல்லியிருக்கலாம்லா" என்றார், பத்தாவது தடவையாக.

2 மே, புதன்

அம்மாவின் கடிதம். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன். ஏர்மெயில் தாள் கிழிந்துவிடும்.

'வைதேகிக்கு அம்மா எழுதறது. நீ வந்துடுவேன்னு படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். மூணு நாள் அந்தச் சந்தோஷத்துலயே இருந்தேன். உன் ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள்கூடச் சொல்லிட்டேன். நாலாம் நாள் தூக்கம் வரல.

நம்ம வீட்டுல யாரும் அந்தப் பாஷை பேசலன்னு நீ சொன்னது தப்பு. நான் பேசினேன். கல்யாணம் ஆகி ஈப்போ போனப்ப எனக்குப் பதினேழு வயசு. சுத்திச் சீனக் குடும்பங்க. பத்து வருஷத்துல நல்லா வந்துடுச்சு. உன்னைக் குடுத்தப்ப உனக்கு ஒன்றரை வயசு. அந்தப் பாஷையில சொன்னாத்தான் அழுகைய நிறுத்துவ. அதனால அதுலயே பேசினேன். நாலு வயசு வரைக்கும் உனக்கும் எனக்கும் நடுவுல அதான். அப்பாகிட்ட மட்டும் தமிழ்.

கப்பல் ஏறின அன்னிக்கு நிறுத்தினேன். நீ அதுல கேப்ப, நான் தமிழ்ல பதில் சொல்லுவேன். ரெண்டு நாள் அழுத. நாகப்பட்டினம் வர்றதுக்குள்ள கேக்கறத விட்டுட்ட. ஊருல இறங்கினா யாரும் உன்னை என் பொண்ணு இல்லன்னு சொல்லிடக் கூடாதுன்னு பயம். மூஞ்சிய மாத்த முடியாது, நாக்கையாவது மாத்திட்டேன். நான் பண்ணினது தப்பா இருந்தா இருக்கட்டும். இந்தக் கடுதாசியக் காட்டி அந்தச் சர்டிபிகேட்ட வாங்கிக்க. படிச்சு முடிச்சுட்டு வா.'

எழுதி முடித்துவிட்டேன். பேனா நிற்கவில்லை.

என்னம்மா இது. என்கிட்டேருந்து எடுத்துட்டியே. ரெண்டு நாள் அழுதேனாம்! நாலு வயசுப் பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கு, நீ வேற பாஷையில பதில் சொல்ற... எப்படிம்மா மனசு வந்துச்சு? இந்தக் கருமத்தை நான் குளிருல ரயிலேறிப் போய், தொண்டையில துணி சுத்திக்கிட்டு, மீன்கார பாஷை பேசி அவமானப்பட்டு... வீட்டுலயே இருந்துச்சா?

மாலை. மறுபடி படித்தேன். அம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஜூலையில் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன். வெள்ளையடிக்கச் சொன்ன ஆளை இந்நேரம் அவள் திருப்பி அனுப்பியிருப்பாள். ஒரு பக்கம் முழுக்க அழுகை, ஒரு பக்கம் முழுக்கக் கோபம். கோபம் போகவில்லை. போக வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது.

8 மே, செவ்வாய்

ஜெர்மனியில் தாயின் கண்ணீருக்கும் முத்திரை வேண்டும். ஃப்ராவ் தாங் கடிதத்தை நான் ஜெர்மனில் சொல்லக் கேட்டுவிட்டு, "வீடு கிடைத்துவிட்டது" என்று மேஜையைத் தட்டினார். நிர்வாகியோ தமிழ்க் கடிதத்துக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு கேட்டார். நானே செய்தால் செல்லாது. ரகுநாதன் செய்தாலும் செல்லாது. எனவே இன்று லீவு போட்டுவிட்டுத் தலைநகர் பானுக்குப் போய், இந்தியத் தூதரகத்தில் கும்பகோணத்துக்காரர் குருமூர்த்தியிடம் போய் உட்கார்ந்தேன்.

படித்தார். மறுபடி படித்தார். டைப்ரைட்டரில் இங்கிலீஷில் தட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, "வெள்ளையடிக்கிற விஷயம் கவர்ன்மென்ட் பேப்பருக்கு வேண்டாம்மா. அது உங்களுக்கு மட்டும் எழுதினது" என்றார். முத்திரையை வழக்கத்தைவிடப் பலமாகக் குத்தினார் என்று நினைக்கிறேன்.

14 மே, திங்கள்

சான்றிதழ் வந்தது. 'சீனம் பேசும் வீட்டிலிருந்து வந்த ஃப்ராய்லைன் வைதேகி'. மத்தியானம் க்ளாசன் அறையில் ஒப்பந்தத்தில் கையெழுத்து, இரண்டு வருடத்துக்கு. ஒரு நாள் மிச்சம் இருந்தது. முப்பது கிலோ சீனமும் இப்போது என் மேஜையில்.

ரகுநாதனைச் செப்டம்பர் வகுப்பில் சேர்க்க ஃப்ராவ் தாங் நிர்வாகியோடு மல்லுக்கு நிற்கிறார். பதினொரு பேர்தான் பதிந்திருக்கிறார்களாம்.

19 மே, சனி

தபால் நிலையத்திலிருந்து திருச்சிக்கு டிரங்க் கால். டாக்டர் வீட்டு போனுக்கு அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். மூன்று நிமிடம். இரண்டு நிமிடம், "கேக்குதா?" "கேக்குது, உனக்கு?" என்பதிலேயே போயிற்று. வேலை கிடைத்தது என்று சொன்னேன். "ம்" என்றாள். ஏன்மா அப்படிச் செய்த என்று கேட்க எழுதியே வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"ஏதாவது அதுல பேசும்மா" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள். சின்ன வாக்கியம். அம்மாவின் குரல்தான், ஆனால் இளமையான யாரோ ஒருத்தியின் குரல் போல இருந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இரண்டாயிரம் எழுத்து படித்தவளுக்கு. ஈப்போவில் பேசுவது காண்டனீஸ். எனக்குத் தெரிந்தது ரேடியோவும் மீன்கடையும்.

அர்த்தம் கேட்பதற்குள் துண்டித்துவிட்டார்கள். ஒலியை மறந்துவிடாமல் இருக்க, தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

20 மே, ஞாயிறு

கையைக் கழுவாமலே டுசல்டோர்ஃபுக்கு, ஹான்ஸின் உணவகத்துக்குப் போனேன். மதிய நேரக் கூட்டம். அவன் என்னை அடுப்பங்கரைக்கு, அவன் அம்மாவிடம் கூட்டிப்போனான். உள்ளங்கையைப் பார்த்து நான்கு முறை சொல்லிக் காட்டினேன். முதல் மூன்று முறையும் அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள். நாலாவது முறை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஹான்ஸிடம் ஏதோ சொன்னாள்.

"சந்தையில் கூட்டமாக இருந்தால் சின்னப் பிள்ளைகளிடம் சொல்வது" என்றான் ஹான்ஸ். "'அம்மா கையை இறுக்கிப் பிடிச்சுக்கோ, விட்டுடாதே.' எங்கம்மாவும் சொல்வாள். உச்சரிப்புத்தான் மகா மோசமாம்."

என் உச்சரிப்பா, என் அம்மா உச்சரிப்பா என்று கேட்கவில்லை. வெங்காயம் நறுக்குகிற இடம். அழுதாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அழுதேன்.

பிள்ளைகள் அதற்கு என்ன பதில் சொல்லும் என்று கேட்டேன்.

"பதிலா? ஒன்றும் சொல்லாது. பிடித்துக்கொள்ளும்."

டிசம்பரில் லீவு உண்டா என்று நாளை க்ளாசனிடம் கேட்க வேண்டும்.